காதில் வைத்துப் பார்த்தவன்

செவியணி மதிப்பீட்டு உயர்மன்றத்தில் எல்லாம் இருந்தது. பளிங்குப் படி இருந்தது. ஆளுயரக் கண்ணாடிக் கதவு இருந்தது. கதவுக்கு மேலே 'கேளாமல் அறிவோம்' என்று பொன்னெழுத்தில் பொறித்திருந்தது. ஹெட்போனைக் காதில் வைத்துப் பார்க்கிற ஆள் மட்டும்தான் இல்லை.

அங்கே எடுபிடி எழுத்தராகச் சேர்ந்தவனைப் 'புதுசு' என்று கூப்பிட்டார்கள். அவனுக்கும் அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்ததுதான். ஆனால் கடைசியாக வந்தவரைப் புதுசு என்பது மன்றத்து வழக்கம். அடுத்த ஆள் வரும்வரை அந்தப் பெயர் போகாது. இவனுக்கு முந்தைய புதுசு, பேரப்பிள்ளைகள் எடுத்து, பல் விழுந்து, புதுசாகவே ஓய்வு பெற்றுப் போனவர்.

முதல் நாள் தலைவர் அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?"

"குழாய்க் கடையில ஐயா. குழாய், ஷவர், வாளி..."

"ஒரு குழாயை எப்படி விப்பீங்க?"

"திறந்து தண்ணி வருதான்னு காட்டி விப்போம்."

தலைவர் பக்கத்தில் இருந்த, ஹெட்போன் வரும் பெட்டியை மதிப்பிடுகிற பெட்டி நிபுணரைப் பார்த்து வருத்தத்தோடு சிரித்தார். "பாத்தீங்களா? நாடு ஏன் இப்படி இருக்குன்னு இப்பத் தெரியுதா?"

பிறகு அவனை உட்காரவைத்து, பொறுமையாக விளக்கினார். "தம்பி, காதுல வெச்சுப் பாக்கணும்னு ஆரம்பிச்சா ஒவ்வொருத்தன் காதுக்கும் ஒவ்வொண்ணு கேக்கும். ஒருத்தன் நல்லாருக்கும்பான், இன்னொருத்தன் இரையுதும்பான். தரம்னா எல்லாருக்கும் ஒண்ணா இருக்க வேணாமா? பேர் இருக்கே, அது மட்டும்தான் எல்லார் காதுக்கும் ஒரே மாதிரி கேக்கும். நான் இந்த நாற்காலிக்கு வந்து தலை நரைச்சுப் போச்சு. இன்னிவரைக்கும் ஒரு ஹெட்போனை இந்தக் காதுல தொட்டதில்லை. இந்த நேர்மைக்குத்தான் எனக்கு விருது குடுத்தாங்க. விருது குடுத்தவங்களும் என்னைப் பத்தி விசாரிச்சுப் பாக்கலை. அவங்களும் நேர்மையானவங்க."

மன்றத்து முத்திரை இல்லாமல் நாட்டில் எந்தக் கடையிலும் ஹெட்போன் விற்கக்கூடாது. முத்திரை இரண்டு வகை. 'கேள்விப்பட்டது' என்பது பொன்னிறம். அதற்கு மதிப்பெண் உண்டு. 'கேள்விப்படாதது' என்பது கறுப்பு; அது பெட்டியோடு கிடங்குக்குப் போகும். கிடங்கிலிருந்து எங்கே போகும் என்று கேட்டால் கிடங்குக்காரர், "போற இடத்துக்குப் போகும், உனக்கென்ன?" என்பார். அவருடைய மச்சான் சந்தையில் ஹெட்போன் கடை வைத்திருந்தது தனிச் செய்தி.

மதிப்பிடும் கூட்டத்துக்கு 'அமர்வு' என்று பெயர். நடுவர்கள் கை கழுவி, வெள்ளைக் கையுறை மாட்டி உட்காருவார்கள். வெல்வெட் திண்டில் ஹெட்போன் எழுந்தருளும். ஒருவர் எழுந்து, அதைச் செய்த நிறுவனத்தின் வரலாற்றை நிறுவனரின் தாத்தாவிலிருந்து தொடங்கி வாசிப்பார். தாத்தா வசதியானவராக இருந்தால் நடுவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். பெட்டி நிபுணர் அட்டைப் பெட்டியை விரல் கணுவால் தட்டிப் பார்ப்பார், மூடியை மெல்லத் தூக்குவார். மூடி 'புஸ்ஸ்' என்று காற்றை விட்டுக்கொண்டு கிளம்பினால், "என்ன மரியாதையா திறக்குது பாருங்க!" என்று உருகுவார். அந்தப் புஸ்தான் அமர்வில் கேட்கிற ஒரே சத்தம்.

புதுசுக்கு இதெல்லாம் தலைகால் புரியவில்லை. புரியவேண்டிய அவசியமும் இல்லை என்று மனைவி சொல்லியிருந்தாள். அவள் அப்பா, தலைவரின் சகலைக்குக் கார் ஓட்டியவர். அந்தக் காரில் ஏறித்தான் இந்த வேலைக்கான சிபாரிசு வந்து சேர்ந்தது. முதல் வருஷம் ஒரு கரும்புள்ளி விழுந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மனைவிக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது.

"குழாய்க் கடையில கையெல்லாம் துரு. இப்பக் கையுறை. அப்படியே காலத்தை ஓட்டுங்க," என்றாள். "அங்க போய் உங்க புத்திசாலித்தனத்தைக் காட்டாதீங்க. என்னமோ அது ரொம்ப இருக்கிற மாதிரி."

அவன் காட்டத்தான் இல்லை. தானாக வந்து மாட்டியது.

ஒரு நண்பகல், அடுத்த அமர்வுக்கான ஹெட்போனைத் துடைத்துவைக்கக் கிடங்கில் தனியாக இருந்தான். வந்திருந்தது 'சக்கரவர்த்தி'. அதைச் செய்த நிறுவனத்தின் பெயரைக் கேட்டாலே மன்றத்தில் எழுந்து நிற்பார்கள். பெட்டியே ஒரு சின்னப் பீரோ மாதிரி இருந்தது. அப்போது மனைவியிடமிருந்து ஓர் ஒலிப்பதிவு வந்தது. ஸ்கேன் எடுத்த இடத்தில் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கவைத்தார்களாம். அதைப் போனில் பிடித்து அனுப்பியிருந்தாள்.

அவன் போனோ எப்போதோ வாளியில் விழுந்து எழுந்தது. காதோடு ஒட்டிவைத்தால் பேசலாம், மற்றபடி ஊமை. கண்ணெதிரே ஹெட்போன். பெற்ற தகப்பன் வேறென்ன செய்வான்? பின்னைச் செருகி, சக்கரவர்த்தியைத் தலையில் மாட்டிக்கொண்டான்.

ஒன்றுமில்லை.

சத்தத்தைக் கூட்டினான். ஒன்றுமே இல்லை. உலகத்திலேயே உயர்ந்த ஹெட்போனில் தன் பிள்ளையின் இதயம் துடிக்கவில்லை. உடனே மனைவியைக் கூப்பிட்டான்.

"துடிப்பே இல்லையே!"

"யாருக்கு?"

"குழந்தைக்கு!"

"வாயைக் கழுவுங்க! குதிரை ஓடுற மாதிரி ஓடுதுன்னு டாக்டரம்மாவே சிரிச்சாங்க. உங்க ஓட்டைப் போன்ல கேக்கலைன்னா எம்புள்ளைக்குத் துடிப்பில்லையா?"

போனை வைத்துவிட்டு நாலாபக்கமும் பார்த்தான். மூலையில் கறுப்பு முத்திரை குத்திய குவியல். ஏதோ ஒரு சின்னப் பட்டறையில் செய்து, சாதாரண அட்டையில் சுற்றி வந்த ஒன்றை எடுத்து மாட்டினான். மாட்டியதும் காதுக்குள் குதிரை ஓடியது. டொக் டொக்கென்று, மூச்சிரைக்க, எங்கேயோ அவசரமாகப் போகிற குதிரை. புதுசு கிடங்குத் தரையிலேயே உட்கார்ந்து அழுதான். அதோடு எழுந்து போயிருந்தால் கதை முடிந்திருக்கும். குழாய்க் கடைப் பழக்கம் விடவில்லை. தண்ணீர் வராத குழாயைக் கழற்றிப் பார்க்காமல் அவனால் இருக்க முடியாது. சக்கரவர்த்தியின் காது மெத்தையைத் திருகினான். உள்ளே பஞ்சு இருந்தது. பஞ்சுக்கு நடுவே, கனம் தெரிவதற்காக ஓர் இரும்புத் துண்டு. கடை ஜன்னலில் பார்வைக்கு வைக்கிற பொம்மையை மாற்றி அனுப்பிவிட்டார்கள்.

பொறுப்பாகத் திருகி மூடிவிட்டு, சொல்வதா வேண்டாமா என்று அமர்வு வரை தவித்தான்.

அமர்வில் சக்கரவர்த்தி எழுந்தருளியது. தாத்தாவின் வரலாறு வாசிக்கப்பட்டது. பெட்டி 'புஸ்ஸ்' என்றது.

"ஒரு பிரமாண்டம் தெரியுது," என்றார் ஒரு நடுவர், கண்ணை மூடியபடி.

"பிரமாண்டத்தை விடுங்க. அமைதி! இரைச்சலே இல்லாத ஒரு அமைதி இதுல இருக்கும். அந்தத் தாத்தாவோட பரம்பரையில வேற எப்படி இருக்கும்?" என்றார் பெட்டி நிபுணர்.

"இந்தக் கருவிக்கு மதிப்பெண் போடுற தகுதி எனக்கு இருக்கான்னு எனக்கே சந்தேகமா இருக்கு," என்றார் தலைவர். "அதனால முழு மதிப்பெண் போட்டுடறேன்."

முத்திரை குத்தக் கையைத் தூக்கியபோது புதுசின் வாய் திறந்துகொண்டது.

"ஐயா, அதுல ஒண்ணும் கேக்கலை. உள்ள பஞ்சுதான் இருக்கு."

முத்திரை தூக்கிய கை அப்படியே கீழே இறங்கியது. தலைவர் மெல்லக் கேட்டார். "கேக்கலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காதுல வெச்சுப் பாத்தேன் ஐயா."

ஒரு நடுவர் கையுறையைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். பெட்டி நிபுணர், "வலது காதா, இடது காதா?" என்றார்.

"ரெண்டும்."

"ரெண்டுமா!"

அங்கேயே விசாரணை தொடங்கியது. உள்ளே பஞ்சு இருக்கிறதா என்பது விசாரணையில் இல்லை. அவன் ஒரு தடவை, "திறந்து பாத்துட்டா தெரிஞ்சிடும் ஐயா," என்று கெஞ்சிப் பார்த்தான்.

"திறந்து பாத்தா சந்தேகப்பட்டோம்னு ஆயிடும்," என்றார் தலைவர். "சந்தேகப்பட்டா மதிப்பெண்ணைக் குறைக்கணும். முழு மதிப்பெண் வாங்கினதுக்கு எப்படிக் குறைக்கிறது? சரி, நீங்களே சொல்லுங்க. முழு மதிப்பெண் வாங்கின கருவியில சத்தம் கேக்குமா கேக்காதா?"

"கேக்கணும்."

"உங்களுக்குக் கேட்டுதா?"

"இல்லை."

"அப்ப குறை யார்கிட்ட?"

புதுசு யோசித்தான். கேள்வி ஒழுங்காகத்தான் இருந்தது. பதில்தான் எங்கேயோ இடித்தது. "ஆனா ஐயா, மூலையில கிடந்த கறுப்பு முத்திரையில நல்லாக் கேட்டுதே. எம் புள்ளையோட இதயத்துடிப்பு..."

"கேள்விப்படாத கருவியில கேக்குறதுக்குப் பேரு சத்தம் இல்லை தம்பி. பிரமை," என்ற தலைவர், எழுதிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "குழந்தையின் இதயத்துடிப்பு, பிரமைன்னு போட்டுக்குங்க," என்றார்.

மறுநாள் அவனை ஒரு காது டாக்டரிடம் அனுப்பினார்கள். ஊரிலேயே பெரிய டாக்டர். அவரிடம் காட்டியவர்கள் குணமானார்களா என்று யாருக்கும் தெரியாது. அவரிடம் காட்டினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மன்றத்தின் கடிதத்தைப் படித்துவிட்டு டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"காதைப் பாக்க வேணாமா டாக்டர்?" என்றான் புதுசு.

"மன்றமே சொன்னப்புறம் நான் உள்ள விளக்கடிச்சுப் பாத்தா அவங்களை நம்பலைன்னு அர்த்தமாகாதா? பல வருஷப் பழக்கம்." எழுதிக்கொண்டே, "எத்தனை நாளா கேக்கலை?" என்றார்.

"எனக்குக் கேக்குது டாக்டர். நீங்க பேசறதுகூடக் கேக்குதே."

டாக்டர் நிமிர்ந்து அவனை இரக்கத்தோடு பார்த்தார். "உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கிறீங்க. ரொம்ப முத்தினாத்தான் இந்தத் திறமை வரும்." நாற்காலியைத் திருப்பி முதுகைக் காட்டிக்கொண்டு, "இப்ப?" என்றார்.

"இப்பவும் கேக்குது."

"தோள்பட்டை அசையறதை வெச்சே சொல்றாரு பாவம்," என்றார் டாக்டர் நர்ஸிடம். அழுத்தி ஒரு கோடு போட்டுக் கையெழுத்திட்டார். "அறவே கேட்காது."

சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு புதுசு மன்றத்துக்குத் திரும்பியபோது, வேலை போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தான். ஆனால் அந்த வாரம் ஒரு பத்திரிகைக்காரன் கிளப்பிவிட்டிருந்தான்: நடுவர்களில் சிலர் வீட்டில் ரகசியமாக ஹெட்போன் மாட்டிப் பாட்டுக் கேட்கிறார்களாம். மன்றத்தின் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது. தலைவர் சான்றிதழை ஏற இறங்கப் படித்தார். எழுந்து வந்து புதுசைக் கட்டிப்பிடித்தார்.

"நினைச்சாலும் கேக்க முடியாத ஒரு ஆள்! இவரைவிட நேர்மையான நடுவர் நமக்கு எங்க கிடைப்பாரு?"

இப்படியாகப் புதுசு தலைமை நடுவர் ஆனான். கையுறை, கார், மன்றத்துக் குடியிருப்பில் பால்கனி வைத்த வீடு. ஒரே ஒரு நிபந்தனை: அவனுக்குக் காது கேட்கிறது என்று என்றைக்காவது தெரிந்தால், மன்றத்தை ஏமாற்றிய குற்றத்துக்கு உள்ளே போகவேண்டும்; குடும்பம் தெருவுக்கு வரும்.

அவன் வீட்டில் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். மாமனார்தான் சமாதானம் சொன்னார். "மாப்பிள்ளை, காதை என்ன வெட்டியா குடுக்கச் சொல்றாங்க? இருந்துட்டுப் போகட்டும். யூஸ் பண்ணாதீங்க, அவ்வளவுதானே?"

மனைவி பால்கனியைப் பார்த்துவிட்டு வந்தாள். அங்கே துணி காயப்போடக் கம்பி இருந்தது. "கல்யாணம் ஆனதுலேருந்து நான் சொல்றது எது உங்க காதுல விழுந்திருக்கு? இது என்ன பெரிய கஷ்டமா?" என்றாள்.

கஷ்டமாகத்தான் இருந்தது. கிடங்குக்காரர் அவன் முதுகுக்குப் பின்னால் தட்டைப் போட்டுப் பார்ப்பார். பெட்டி நிபுணர் அவன் முகத்துக்கு நேரே புன்னகை மாறாமல், "குழாய்க் கடைக் கழுதைக்கு வந்த வாழ்வைப் பாருங்க," என்பார்; அவனும் புன்னகை மாறாமல் கைகூப்புவான். காது கேளாதவர்கள் எப்படி இருப்பார்கள் என்று மன்றத்தில் யாருக்கும் தெரியாது, யாரையும் போய்ப் பார்த்ததும் இல்லை. ஆனாலும் கொஞ்சம் உரக்கப் பேசவேண்டும், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லவேண்டும் என்று அவனுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

சக்கரவர்த்தி செய்த நிறுவனம், பொம்மையை மாற்றி அனுப்பிவிட்டோம் என்று மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. முழு மதிப்பெண் வந்ததும் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, இனிமேல் பஞ்சையே வைத்து விற்பதென்று தீர்மானித்தது. விற்பனை எகிறியது. கேட்கவில்லை என்று ஒருவரும் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் எந்த டாக்டரிடம் அனுப்புவார்கள் என்று ஊருக்கே தெரிந்துபோயிருந்தது.

ஒருநாள், அந்தச் சின்னப் பட்டறைக்காரி மேல்முறையீட்டுக்கு வந்தாள். சாதாரண அட்டையில் சுற்றிய தன் ஹெட்போனைத் திண்டில் வைக்கவிடவில்லை என்பதால் கையிலேயே ஏந்திக்கொண்டு நின்றாள். "ஐயா, உங்களை மாதிரி ஒருத்தர், ஒரே ஒரு தடவை காதுல வெச்சுப் பாத்தாப் போதும். இல்லைன்னா நான் பட்டறையை மூடணும். அங்க இருக்கிற பொம்பளைங்க எல்லாம் வீட்டுக்குப் போகணும்," என்றாள்.

தலைமை நடுவர் அவள் உதட்டைப் பார்த்தார். உதட்டைப் பார்த்தால் புரிந்துகொண்டதாக ஆகிவிடும் என்று ஞாபகம் வந்து, அவள் தோளைப் பார்த்தார்.

"இன்னிக்கு வெயில் ஜாஸ்திதான்," என்றார் உரக்க. கறுப்பு முத்திரையைக் குத்தினார். அன்று சாயங்காலம் குழந்தைக்குத் தொட்டில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பெண் குழந்தை. பிறந்த சில வாரங்களிலேயே பத்திரிகைக்காரன் அடுத்ததைக் கிளப்பினான்: தலைமை நடுவர் தெருவில் ஹாரன் சத்தம் கேட்டு ஒதுங்கியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தலைவர் அந்தப் பத்திரிகைக்காரனைக் கையோடு கூட்டிக்கொண்டு புதுசின் வீட்டுக்கே வந்துவிட்டார். கூடவே பெட்டி நிபுணர், கிடங்குக்காரர்.

"எனக்குச் சான்றிதழ் போதும்," என்றார் தலைவர். "இந்தத் தம்பிக்குத்தான் கண்ணால பாக்கணுமாம். பாக்கட்டும். இதையும் ஒரு அமர்வா நடத்திடுவோம்."

புதுசைச் சுவரைப் பார்த்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கையில் மனைவி போட்டுக்கொண்டு வந்த டீ. அவன் முதுகுக்குப் பின்னால் தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கிடங்குக்காரர் கை தட்டினார், தட்டைப் போட்டார். அவையெல்லாம் அவனுக்குப் பழகிப்போனவை. பத்திரிகைக்காரன் உதட்டைப் பிதுக்கினான்.

"இதுக்கெல்லாம் யார் வேணா அசையாம இருக்கலாம் சார்."

தலைவர் தொட்டிலைப் பார்த்தார். "லேசா ஒரு கிள்ளு," என்றார் கிடங்குக்காரரிடம்.

"ஐயோ, பச்சைப் புள்ளை சார்!" என்று மனைவி ஓடிவந்தாள்.

"அம்மா, கையுறை போட்டிருக்காரு. அமர்வு நடக்கும்போது குறுக்க வராதீங்க. உங்க வீட்டுக்காரர் நல்லதுக்குத்தான்."

முதல் கிள்ளுக்குக் குழந்தை சிணுங்கியது. "பத்தாது," என்றார் பெட்டி நிபுணர். இரண்டாவதற்கு வீடே கிழிந்தது. மூச்சு நின்று, நின்ற மூச்சு திரும்ப வருமா என்று பயப்படவைத்து, பிறகு வந்த அலறல். எல்லோரும் அவன் கையில் இருந்த டீயையே பார்த்தார்கள். டீயில் ஒரு சுருக்கம் விழவில்லை. புதுசு சுவரில் இருந்த ஒரு விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொடையில் கிள்ளியிருப்பார்கள் என்று அவனுக்கு அழுகையை வைத்தே தெரிந்தது. மூன்றாவதும் கிள்ளினார்கள், புகைப்படம் எடுக்க.

"பாத்துக்குங்க," என்றார் தலைவர், தழுதழுத்த குரலில். "பெத்த புள்ளை கதறுது. ஒரு அசைவு? ஒரு திரும்பல்? இதுக்குப் பேருதான் நடுநிலைமை. முழு மதிப்பெண்!"

பத்திரிகைக்காரன் தோற்றுப்போய் அவன் எதிரே வந்து கைகொடுத்தான். பளிங்குப் படிக்குப் பழகிய செருப்புகள் ஒவ்வொன்றாக வாசலைத் தாண்டின. கார்க் கதவுகள் அடைத்துக்கொண்டன. கார் தெருமுனையில் திரும்பித் தேய்ந்து மறைந்தது.

மனைவி குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். விக்கல் அடங்கவே இல்லை.

"போயிட்டாங்க," என்றாள் அவன் முதுகைப் பார்த்து. "திரும்புங்க."

வெளியே போன செருப்புச் சத்தங்களில் கிடங்குக்காரருடையதும் இருந்ததா, இல்லை ஆள் இன்னும் பின்னால் நிற்கிறாரா என்று அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

"தொடையெல்லாம் கன்னிப்போயிருக்கு. வந்து பாருங்க. உங்களைத்தான்... கேக்குதா இல்லையா?"

அவன் டீயை ஒரு வாய் உறிஞ்சினான்.

"டீ நல்லாருக்கு," என்றான் சுவரைப் பார்த்து, மன்றத்தில் சொல்லிக்கொடுத்திருந்தபடி கொஞ்சம் உரக்க.